கிணற்றடிக்குப் போன கொக்கு வண்டி

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் ஒரு முள்வேலி வளைப்பு இருந்தது. உள்ளே மூக்கு சப்பையான ஜீப்புகள், தகரம் உரிந்த லாரிகள், சக்கரம் கழன்ற தண்ணீர் டேங்குகள், எல்லாமே வெயிலில் வெளுத்துப்போன ஒரே பச்சை நிறத்தில் நின்றன. அந்த இடம் வந்தால் டவுன் பஸ் கண்டக்டர்கள், "சண்டை முடிஞ்ச ஊரு எல்லாம் எறங்கு" என்று குரல் கொடுப்பார்கள். பஸ்ஸுக்குள் ஒரு சிரிப்பு எழும். வேலிக்குள் கிரீஸ் கையோடு நிற்கும் ஜீவேந்திரனும் கையைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார்.

ஜீவேந்திரன் அனந்தபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்துச் சமண நயினார் வீட்டுப் பிள்ளை. தலைமுறை தலைமுறையாக நிலமும் மல்லாட்டை என்கிற நிலக்கடலை வியாபாரமும் பார்த்த குடும்பம். அப்பா மண்டியில் உட்காரச் சொன்னபோது பிள்ளைக்கு மண்டியின் எண்ணெய்ச் செக்கு மோட்டார் மேல்தான் கண் போனது. ஒருமுறை நண்பர் ஒருவரோடு மதராசுக்குப் போய், ராணுவம் கழித்துவிட்ட சாமான்களை ஏலம் விடுவதைப் பார்த்தார். திரும்பி வரும்போது ஒரு ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அப்பாவுக்குத் தாங்கவில்லை.

"எறும்ப மிதிச்சாலே பாவம்னு சொல்ற வீடு இது. மனுசனக் கொல்லப் போன வண்டியக் கொண்டாந்து வாசல்ல நிறுத்திக்கினு நிக்கிறியே?"

"இந்த வண்டி யாரையும் கொல்லலப்பா. சோறு ஏத்திக்கினு போயிருக்கும். அடிபட்டவங்கள ஏத்திக்கினு வந்திருக்கும். அவ்ளோதான்."

அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. ஏலத்தில் துப்பாக்கி சம்பந்தப்பட்ட எதையும் அவர் தொட்டதில்லை. குண்டு வைத்திருந்த காலிப் பெட்டி அடிமாட்டு விலைக்கு வந்தாலும் வேண்டாம் என்று நகர்ந்துவிடுவார். கூடாரத் துணி, மடக்குக் கட்டில், கம்பளி, தண்ணீர் கேன், அண்டா அண்டாவான சமையல் பாத்திரம், வண்டி, வண்டியின் உதிரி பாகம், இவைதான் அவர் சரக்கு. மழைக்காலத்தில் மல்லாட்டையை மூடுவதற்கு விவசாயிகள் அவரிடம்தான் தார்ப்பாய் வாங்கினார்கள். சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்களில் சாம்பார் கொதித்ததெல்லாம் சிப்பாய்களுக்குச் சமைத்த அண்டாவில்தான்.

அப்படி அலைந்ததில் கிடைத்ததுதான் கொக்கு வண்டி.

செஞ்சி மலையடியில் மூடிக்கிடந்த ஒரு மர அறுவை மில்லின் பின்புறம், காட்டுச்செடி மூடி நின்றது அது. இரண்டாம் உலக யுத்தத்தில் பழுதான டாங்கிகளையும் லாரிகளையும் தூக்குவதற்கென்று செய்த வண்டி. சண்டை முடிந்ததும் யாரோ வாங்கி, மரம் இழுக்கப் பயன்படுத்தி, பிறகு மறந்துவிட்டார்கள். பத்து சக்கரம். முதுகில் வானத்தைப் பார்த்து நீண்ட இரும்புக் கை. அடியில் கம்பி வடம் சுற்றும் பெரிய உருளை. தூரத்திலிருந்து பார்த்தால் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் கொக்கு மாதிரியே இருக்கும்.

அந்த இரும்புக் கையின் மடக்கில் தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. ஜீவேந்திரனோடு வேலை பார்த்த மெக்கானிக் பெரியசாமி ஒரு கைப்பிடி வைக்கோலை எடுத்தார்.

"பத்த வெச்சா அஞ்சு நிமிசத்துல ஓடிடும் நயினாரே."

"வேணாம். பூ முடிஞ்சா அதுங்களே போய்டும்."

"அதுக்கு எத்தினி மாசம் ஆவும்?"

"ஆவட்டும். வண்டி எங்க ஓடப்போவுது?"

பெரியசாமி முணுமுணுத்துக்கொண்டே வைக்கோலைக் கீழே போட்டார். தேனீக்கள் தாமாகக் கிளம்பிப் போகும்வரை இருவரும் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில்தான் வண்டியின் வயிற்றுக்கு அடியில் துருப்பிடித்து இறுகிப்போன ஒரு பெட்டியை ஜீவேந்திரன் கண்டார். மில்காரர்கள் திறக்க முடியாமல் விட்டுவைத்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி, சுத்தியலால் தட்டித் தட்டி ஒருவழியாகத் திறந்தார்கள். உள்ளே மெழுகுத் துணியில் சுற்றி, கிரீஸ் தடவி யாரோ அடுக்கியிருந்தார்கள்: புதுக் கம்பி வடம் ஒரு சுருள், தடித்த சங்கிலிகள், இரும்புக் கப்பிகள், கொக்கிகள். எந்தச் சிப்பாயோ, எந்த ஊரிலோ, அத்தனை பொறுப்பாக வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஒரு கப்பியைக் கையில் எடுத்துச் சுற்றினார் ஜீவேந்திரன். நேற்று செய்ததுபோல் சத்தமே இல்லாமல் சுழன்றது.

என்ஜினுக்கு உயிர் வர மாதக்கணக்கில் ஆயிற்று. வந்த அன்று செஞ்சியிலிருந்து திண்டிவனம்வரை வண்டியின் பின்னால் ஊருக்கு ஊர் ஜனம் ஓடி வந்தது. ஆனால் வளைப்புக்குள் வந்து நின்ற பிறகு கொக்கை யாரும் சீண்டவில்லை. அந்தப் பக்கத்தில் அவ்வளவு கனத்தைத் தூக்க யாருக்கு என்ன தேவை? மூன்று மழைக்காலம் அப்படியே நின்றது. எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் இடத்துக்காரர் பாதி வளைப்பைத் திருப்பிக் கேட்டார். மதராசிலிருந்து ஒரு இரும்பு வியாபாரி கொக்கை வெட்டி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஜீவேந்திரன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்துவிட்டு, சரி என்றார்.

வெட்டுகிற அன்று காலையில் அவர் வண்டிப் பக்கமே போகவில்லை. கொட்டகைக்குள் உட்கார்ந்து, ஏற்கெனவே மடித்திருந்த தார்ப்பாய்களைப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். வெளியே கேஸ் கட்டிங் போடுகிற சத்தம் சீறிக்கொண்டிருந்தது. கனம் தூக்கும்போது வண்டி சாய்ந்துவிடாமல் இருக்கப் பின்பக்கம் இரண்டு ஊன்றுகால்கள் உண்டு. அதில் இடது காலைத்தான் முதலில் அறுத்தார்கள். அது தரையில் விழுந்த சத்தத்துக்கு, மடித்து முடித்த தார்ப்பாயை ஜீவேந்திரன் மறுபடி பிரித்தார்.

அப்போதுதான் ஒரு ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் வேலியை இடிக்காத குறையாக உள்ளே வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் இறங்கும்போதே தடுமாறினார். அனந்தபுரம் பக்கத்து விவசாயி சுப்பராயலு. ஜீவேந்திரனின் அப்பாவுக்கு வருஷாவருஷம் மல்லாட்டை போடுகிறவர்.

"நயினாரே! கொக்கு வண்டி கீதா? ஓடுதா அது?"

"இன்னா ஆச்சு? மொதல்ல தண்ணி குடிங்க."

"தண்ணியெல்லாம் வேணாம்பா. எங்க கெணத்துல ஆள் மாட்டிக்கினான்."

மழை பொய்த்த வருஷம். சுப்பராயலு தம் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார். கிணறு வெட்டும் விருத்தாசலமும் அவன் மனைவி சின்னபொண்ணும் இன்னும் நாலைந்து பேரும் வேலையில் இருந்தார்கள். காலையில் பக்கவாட்டிலிருந்து ஒரு பாறை கழன்று சரிந்திருக்கிறது. மற்றவர்கள் தப்பிவிட்டார்கள். விருத்தாசலத்தின் இரண்டு காலும் அதன் அடியில் போய்விட்டன. பாறை முழுதாக விழாமல், எதிர்ச்சுவரில் ஒரு முனை தட்டிச் சாய்ந்து நிற்கிறது. அதனால்தான் உயிரோடு இருக்கிறான்.

"ஃபயர் சர்வீஸ்காரங்க வந்துட்டாங்க. கயிறு கட்டி இழுத்தா அவன் மேலயே சாஞ்சிடும், மேல இருந்து நேரா தூக்கணும்ங்கிறாங்க. கிரேன் எங்க கெடைக்கும்னு அவங்களும் எல்லா எடத்துக்கும் சொல்லி அனுப்பிக்கிறாங்க. எனக்கு உன் கொக்குதான் ஞாபகம் வந்துச்சு."

ஜீவேந்திரன் வெளியே ஓடினார். கேஸ் கட்டர் அடுத்த காலில் நெருப்பை வைக்கப்போன நேரம்.

"நிறுத்துங்க! கைய எடுங்க அதுலர்ந்து!"

இரும்பு வியாபாரியின் ஆள் முகத்தைச் சுளித்தார். "இன்னாங்க இது, பேசி முடிச்ச விசயம்..."

"ஒரு மனுசன் கெணத்துக்குள்ள கெடக்கிறான்யா. அப்பறம் பேசிக்கலாம்."

அந்த ஆள் சுப்பராயலுவின் முகத்தைப் பார்த்தார். பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தவரும் அவர்தான்.

பெரியசாமி முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். வண்டி இருமியது, புகை கக்கியது, அடங்கியது. மறுபடி சுற்றினார். தோள்பட்டை இறங்கிவிடும்போல் இருந்தது. எத்தனையாவது சுற்றிலோ தெரியாது, கொக்கு உடம்பையே உலுக்கிக்கொண்டு கர்ஜித்தது. ஜீவேந்திரன் கொட்டகைக்குள் ஓடி, கான்வாஸ் ஸ்ட்ரெச்சர் ஒன்றையும் நாலு தண்ணீர் கேன்களையும் எடுத்துப் பின்னால் எறிந்தார். பெட்டியிலிருந்த கப்பிகளும் சங்கிலியும் ஏற்கெனவே வண்டியில்தான் இருந்தன.

போகிற வழியெல்லாம் ரேடியேட்டர் ஒழுகியது. பெரியசாமி மட்கார்டில் உட்கார்ந்து, ஆவி கிளம்பும்போதெல்லாம் வண்டியை நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஜீவேந்திரனின் மனம் ஓயாமல் கணக்குப் போட்டது. பெட்டியில் கிடைத்து உருளையில் சுற்றிய அந்த வடம் எத்தனை கனம் தாங்கும்? யாருக்குத் தெரியும்? யுத்த காலத்து வடம். அதில் கனம் தூக்கிப் பார்த்தவர்கள் எவரும் இல்லை. வண்டிக்கு ஒரு ஊன்றுகால் வேறு போய்விட்டது. போய் நின்று, தூக்க முடியாமல், அத்தனை பேர் முன்னால்... செஞ்சிக் கோட்டை மலை வந்தபோதுதான் தாம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதே அவருக்குத் தெரிந்தது.

கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. வண்டியின் சத்தம் கேட்டதும் கூட்டம் இரண்டாகப் பிளந்து வழி விட்டது. தீயணைப்பு நிலைய அதிகாரி முன்னால் வந்து, எந்த இடத்துக்குமேல் வண்டி வரக்கூடாது என்று காலால் கோடு கிழித்தார். கரை மண் இளகியிருந்தது. அத்தனை பெரிய வண்டி விளிம்புக்குப் போனால் கரையும் சேர்ந்து உள்ளே போய்விடும்.

"அப்போ கப்பி போட்டுக்கலாம் சார்" என்றார் ஜீவேந்திரன். "கெணத்து மேல ரெண்டு பனமரத்தப் போட்டா, கப்பிய அதுல தொங்கவுட்டுடலாம். வண்டி இங்கயே நின்னுக்கும்."

அதிகாரி ஒரு நிமிடம் கிணற்றையும் இரும்புக் கையையும் மாறிமாறிப் பார்த்தார். "செய்யலாம். வண்டி இழுபட்டு வராம இருக்கணும்."

வெட்டிக் கிடந்த இரண்டு பனைமரங்களைக் கிணற்றின் குறுக்கே போட்டுக் கப்பியைத் தொங்கவிட்டார்கள். வண்டியின் முன்பக்கத்தை ஒரு புளியமரத்தோடு சங்கிலியால் பிணைத்தார்கள். இல்லாமல் போன ஊன்றுகாலுக்கு என்ன செய்வது என்று பெரியசாமி தலையைச் சொறிந்தபோது சுப்பராயலுவின் வீட்டுப் பெண்கள் கல் உரலை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அதைக் கவிழ்த்து, மேலே பலகை வைத்து, வண்டிக்கு முட்டுக் கொடுத்தார்கள். அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது.

இனி ஒருவர் கீழே போய்ப் பாறையைச் சுற்றிச் சங்கிலி மாட்ட வேண்டும். தீயணைப்பு வீரர் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து விளிம்பிலேயே உட்கார்ந்து, புருஷனோடு பேச்சை நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்த சின்னபொண்ணு எழுந்து வந்தாள்.

"சார், நானும் வர்றேன்."

"வேணாம்மா. நாங்க பாத்துக்கிறோம்."

"அந்தக் கல்லுக்கும் செவுத்துக்கும் நடுவுல உங்க ஆளு நொழைய முடியாது சார். நான் ஒடம்புல சதையில்லாதவ. சந்துக்குள்ள கைய உட்டு நான் சங்கிலிய வாங்கித் தர்றேன். அவரு அந்தப் பக்கம் மாட்டட்டும்."

அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். அவள் சொன்னது நிஜம்தான். அவளுக்கும் ஒரு கயிறு கட்டச் சொன்னார். இறங்குவதற்கு முன் சின்னபொண்ணு ஜீவேந்திரனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நயினாரே, நீதான் தூக்கப் போறியா?"

"ஆமாம்மா."

"நான் சொன்னா தூக்கு. நான் சொன்னா நிறுத்து. வேற யாரு சொன்னாலும் கேக்காத."

"சரிம்மா."

விசைப்பிடிக்குப் பக்கத்தில் நின்ற ஜீவேந்திரனுக்குக் கிணற்றின் உள்ளே எதுவும் தெரியாது. கம்பி வடம் பனைமரத்துக்குப் போய், கப்பியில் மடங்கி, கீழே மறைந்தது. அவ்வளவுதான். உள்ளிருந்து சங்கிலி உரசும் சத்தம், விருத்தாசலத்தின் முனகல், நடுநடுவே சின்னபொண்ணுவின் அதட்டல்: "கண்ண மூடாத. என்னையே பாரு. என்னையப் பாருன்னு சொல்றேன்ல."

பிறகு அவள் குரல் மேலே வந்தது.

"தூக்கு!"

ஜீவேந்திரன் பிடியைத் தள்ளினார். உருளை திரும்பியது. தொய்ந்து கிடந்த வடம் நிமிர்ந்து, விறைத்து, வீணைத் தந்திபோல் நின்றது. கொக்கின் பின்பக்கம் அழுந்தியது. உரல் மண்ணுக்குள் இறங்குவதைப் பெரியசாமி குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாங்குது நயினாரே! தாங்குது!"

"இன்னும்! இன்னும் கொஞ்சம்!" கிணற்றுக்குள்ளிருந்து.

கப்பி கிறீச்சிட்டது. பனைமரம் நடுவில் வளைந்தது. அப்போது "டக்" என்று ஒரு சத்தம். வடத்தின் இழை ஒன்று அறுந்து, சுருண்டு, வெயிலில் மின்னியது. கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பி அப்படியே நின்றது. இறக்கிவிடலாமா? இறக்கினால் விருத்தாசலத்தின்மேல்தான் இறங்கும். ஜீவேந்திரன் கைப்பிடியை அப்படியே பிடித்துக்கொண்டு, காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றார்.

"நிறுத்து! இழுக்கிறோம்!"

நிறுத்தினார். பிரேக்கை இரண்டு கையாலும் அழுத்தினார். உள்ளிருந்து விருத்தாசலம் போட்ட கூச்சல் கேட்டது. அப்படி ஒரு கூச்சலை அவர் கேட்டதில்லை. அதன்பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த மௌனம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று அவரால் பின்னாளில் சொல்ல முடிந்ததில்லை.

"வந்துட்டான்! வெளிய வந்துட்டான் நயினாரே! நீ எறக்கு!"

சுற்றி நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ அழுதார்கள். ஜீவேந்திரன் பாறையை மெள்ள மெள்ளக் கீழே இறக்கி வைத்தார். வடம் தொய்ந்த பிறகும் அவர் விரல்கள் பிடியை விடவில்லை. பெரியசாமி வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார்.

கான்வாஸ் ஸ்ட்ரெச்சரில் கட்டி விருத்தாசலத்தை மேலே கொண்டுவந்தார்கள். ஒரு கால் முறிந்திருந்தது. இன்னொன்றில் சதை கிழிந்திருந்தது. உடம்பெல்லாம் செம்மண். வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியவன் முதலில் கேட்டது, "யாருகிட்டயாவது பீடி இருக்குதா?" என்பதுதான். தீயணைப்பு அதிகாரி சிரிக்க ஆரம்பித்தார். அவரால் நிறுத்த முடியவில்லை. கூட்டமே சிரித்தது. காலையிலிருந்து கட்டி வைத்திருந்ததெல்லாம் அந்தச் சிரிப்பில் அவிழ்ந்து கொட்டியது. சின்னபொண்ணு மட்டும் சிரிக்கவில்லை. "பீடி வேணுமாம் பீடி" என்று திட்டிக்கொண்டே அவன் முகத்து மண்ணை முந்தானையால் துடைத்தாள். ஆஸ்பத்திரி வண்டியில் ஏறுவதற்கு முன் கொக்கின் மட்கார்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

விருத்தாசலம் பிழைத்தான். காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தாலும் மறுவருஷமே வேலைக்கு இறங்கிவிட்டான். கொக்கு வண்டி அதற்குப் பிறகு வெட்டுக்குப் போகவில்லை. செய்தி பரவியதும் விக்கிரவாண்டிப் பக்கம் நெடுஞ்சாலையில் லாரி கவிழ்ந்தால் ஆள் அனுப்பினார்கள். கோயில் கொடிமரம் நிறுத்த, தேர்ச் சக்கரம் மாற்ற, கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்க என்று எண்பதுகள் முழுக்க அதற்கு ஓயாத வேலை. மாடு தூக்கப் போகும்போது மட்டும் கூலி பேசுவதில்லை என்பது ஜீவேந்திரனின் வழக்கம். அப்பாகூட ஒருநாள் வளைப்புக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பெயிண்ட் அடிக்கக் கூடாதா இதுக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

ஆனால் அந்த நாளைப் பற்றி யாராவது கேட்டால் ஜீவேந்திரன் கிணற்றைப் பற்றி அதிகம் பேசமாட்டார். திரும்பி வந்த வழியைத்தான் சொல்வார்.

விஷயம் இதுதான். பனைமரம் வளைந்ததைப் பார்த்துப் பயந்துபோன ஒருவர், முடிவைப் பார்க்காமலேயே பஸ் ஏறித் திண்டிவனம் போய், கொக்கு வண்டி கிணற்றுக்குள் சாய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். செய்தி ஜீவேந்திரனின் மனைவி அனந்தமதியின் காதுக்கு வந்தபோது வண்டியோடு நயினாரும் உள்ளே போய்விட்டார் என்று ஆகியிருந்தது. அனந்தமதி வீட்டைப் பூட்டக்கூட இல்லை. செஞ்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

வெயில் தாழ்ந்த நேரம். செஞ்சியைத் தாண்டி வந்துகொண்டிருந்த ஜீவேந்திரன், எதிரில் வந்த பஸ் திடீரென்று பிரேக் போட்டு நிற்பதைப் பார்த்தார். உள்ளே ஒரே கூச்சல். படியிலிருந்து அனந்தமதி இறங்கினார். தலை கலைந்து, காலில் செருப்பில்லாமல், நடு ரோட்டில் நின்றார். ஜீவேந்திரன் வண்டியை நிறுத்திக் குதித்தார்.

"நீ எங்க இங்க?"

அனந்தமதி அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கையைப் பிடித்துப் பார்த்தார். தோளைத் தட்டிப் பார்த்தார். பிறகுதான் வாய் திறந்தது.

"உசுரோடதான் கீறீங்களா? ஒரு ஆள் மூலமா சொல்லி அனுப்பக் கூடாதா? கெணத்துல வுழுந்துட்டீங்கன்னு சொன்னாங்களே! பஸ்ஸு முழுக்க அழுதுக்கினே வந்தேன். அந்தக் கண்டக்டரு டிக்கெட்டே கேக்கல!"

"எனக்கு ஒண்ணும் ஆவல. அந்த ஆளும் பொழைச்சிட்டான், மதி. வெளிய எடுத்துட்டோம்."

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டோம். மேல வந்ததும் பீடி கேட்டான்."

அனந்தமதிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பஸ் ஜன்னல்களில் இருந்த முகங்களுக்கும் அதேதான். ஒரு கிழவர் கையை வெளியே நீட்டி, ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்தார். "சாப்பிடு நயினாரே. பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடு. இருட்டினா நீங்க சாப்பாட்டத் தொட மாட்டீங்களே."

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஜீவேந்திரனுக்கு உறைத்தது. மேற்கே சூரியன் இன்னும் ஒரு சாண் மிச்சமிருந்தது. பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு கிளம்பியது. இருவரும் கொக்கு வண்டியின் படியில் உட்கார்ந்து, பெரியசாமிக்கும் கொடுத்து, அந்தச் சீப்பைத் தீர்த்தார்கள். அத்தனை ருசியான பழத்தைத் தாம் தின்றதே இல்லை என்பார் ஜீவேந்திரன்.

அனந்தமதி தோலைக் கொத்தாகச் சேர்த்துக்கொண்டு எழுந்தார். வரப்பில் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டுக்கு அதைப் போட்டுவிட்டு வந்து, உயரமான அந்தப் படியில் ஏற முடியாமல் சிரித்தார்.

"கைய குடுங்க. ஜல்தியா போலாம். வீடு தெறந்து கெடக்குது."